தொய்யக்கீரைக்கு மஞ்சக் கலர்

சிரிங்கடா மாப்ளைங்களா, நல்லாச் சிரிங்க. நாலாவது செமஸ்டரோட நான் பொட்டியக் கட்டுனப்ப வழியனுப்பறேன்னு சொல்லி என் கட்டில்லயே ஒக்காந்து என் காசுலயே பரோட்டா தின்ன கூட்டம்தானே நீங்க. 'விசாகன் போயிட்டா அரியர்ல மொதலிடம் காலிடா'ன்னு ஒருத்தன் கண்ணு வேற தொடச்சான். அவன் இப்ப பெங்களூர்ல ஏசில குளுந்துக்கிட்டு எவனோ எழுதுன புரோகிராம்ல கமா போட்டுட்டு இருக்கான். நான் தாராபுரம் போற டவுன் பஸ்ல இருக்கேன். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸு, காசு குடுத்து ஒக்காந்திருக்கற ஆளு இந்த வண்டியில ரெண்டே பேரு, அதுல ஒருத்தன் நானு, அந்தக் கண்டக்டரு நியாயமா என்னயக் கும்புடோணும். உங்ககிட்டப் பேசற மாதிரி மனசுக்குள்ளயே பேசிட்டு வர்றேன், வாயத் தெறந்தா வேற ஏதாச்சும் வந்துரும்னு பயமா இருக்குது. எனக்கு முன்சீட்டுல துளசிமணியக்கா. ஊத்துக்காட்டுல களையெடுக்க வர்ற கூட்டத்துக்கு அவங்கதான் தலைவி. அவங்க மடியில ஒரு கட்டப்பை. பைக்குள்ள தொய்யக்கீர, பண்ணக்கீர, குமிட்டி எல்லாம் கலந்து கெடக்குது, ஜன்னக் காத்துக்குத் தலைய நீட்டி ஆடுது, பச்சப்பசேல்னு, குளிச்சுட்டு வந்த மாதிரி. அந்தக் கீர பூராவும் எங்க மிசினு இன்னிக்குக் காலையில களைக்கொல்லி அடிச்ச காட்டுல பறிச்சது. அது துளசிமணியக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவ்வளவுதான்டா கத. இதுக்கு மேல சண்டையும் இல்ல பாட்டும் இல்ல, எறங்கறவங்க எறங்கிக்கலாம்.

எறங்கல இல்ல, அப்ப ஒழுங்காக் கேளுங்க. ஏன் அந்தக் கீரமேல மட்டும் மருந்து, பக்கத்துல இருக்கற மக்காச்சோளத்து மேல ஏன் இல்லன்னா, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு சின்ன டிராக்டரு, அதுக்குப் பின்னால ஒரு நீளக் கம்பி, கம்பி பூரா மருந்து பீச்சற குழா. ஒவ்வொரு குழாய்க்கும் மேல ஒரு கேமரா, ஒரு சோப்பு டப்பா அளவு போர்டு. கேமரா தரையப் பாக்குது, போர்டு ரோசிக்குது, இது மண்ணு, இது பயிரு, இது களன்னு படத்த புள்ளி புள்ளியாப் பிரிக்குது, களன்னு எங்க தோணுதோ அங்க மட்டும் குழா தொறக்குது. காடு பூரா ஊத்தற மருந்துல காவாசி போதும், மண்ணுக்கு நல்லது, தண்ணிக்கு நல்லதுன்னு எங்க பாஸ் நவநீதன் மேடையில பேசுனாருன்னா எனக்கே கண்ணு கலங்கும். அந்தச் சோப்பு டப்பாவுக்குக் கண்ணு தெறந்து விட்டது நானு. அதாவது ஆயிரக்கணக்குல போட்டோ எடுத்து, ஒவ்வொரு போட்டோவுலயும் எலைக்கு எல ஓரம் புடிச்சு கலர் அடிக்கறது. மண்ணுக்குக் கறுப்பு, பயிருக்குப் பச்ச, களைக்குச் செவப்பு. எல்கேஜி வேலதான், நீங்க சிரிக்கறதுக்கு முன்னாடி நானே சிரிச்சுக்கறேன். ஆனா அடிச்சுட்டே இருக்கறப்ப ஒரு எடத்துல கையி நின்னுபோச்சு. அது தொய்யக்கீர. எங்கம்மா நான் பள்ளிக்கூடம் போன காலத்துல வாரத்துக்கு ரெண்டு தடவ கடைஞ்சு களிமேல ஊத்துனது. அதுக்குப் போயி எப்பிடிடா செவப்பு அடிக்கறதுன்னு நாலாவதா ஒரு வகை போட்டேன். கீரைன்னு பேரு, மஞ்சக் கலரு. யாரும் சொல்லல, நானாப் போட்டேன். மொத ஒரு மாசம் நல்லாத்தான் போச்சு. பெரிய மாடலு, அதுக்கு வாடகைக் கம்ப்யூட்டரு, பெரிய மூள, தொய்யக்கீர வேற, சாரணக் களை வேறன்னு கரெக்டாப் புடிச்சுது. வில்லங்கம் எப்ப வந்துச்சுன்னா அதச் சோப்பு டப்பாவுக்குள்ள அடைக்கறப்ப. பெருசு வாத்தியாரு மாதிரி, சிறுசு அது பேப்பரப் பாத்து எழுதற பையன், நம்ம பரிச்சைல பண்ணதேதான். சிறுசுக்கு மூளையில எடமில்ல, வெயில்ல காஞ்சா ஹேங்காகித் தொங்கிப்போகுது, வண்டி ஒரு சாண் நகர்றதுக்குள்ள முடிவு சொல்லோணும். அது மஞ்சளையும் செவப்பையும் கொழப்பி, பயிரையும் சேத்துக் கொழப்பி, மார்க்கு எழுபது தாண்டவே இல்ல. நவநீதன் வந்து ஸ்கிரீனப் பாத்தாரு. 'கீரையா? விசாகா, நம்ம என்ன உழவர் சந்தையா வெக்கறம்? பயிரில்லாதது எல்லாம் களதான். ஒண்ணாச் சேத்துடு.' சேக்கறது ஒத்த வரி. மஞ்ச எங்கெங்க இருக்குதோ அங்கெல்லாம் செவப்பு. தட்டுனேன். அன்னிக்கு ராத்திரி ஓட விட்டு காத்தால பாத்தா மார்க்கு எம்பதுக்கு மேல. கேக்கு வெட்டுனோம்டா. என் மூஞ்சியில கிரீமு. அந்தப் போட்டோவுக்கு நீங்க எல்லாரும் லைக் போட்டீங்க.

கேக்கு நெனப்பு வேண்டாம். எந்த எடத்துல விட்டேன், ஆ, கீர. உங்களுக்கு இது தெரியாது, நீங்க கீரைய கட்டுக்கட்டாத்தான் பாத்திருப்பீங்க. எங்கூருப் பக்கம் களையெடுக்க வர்ற பொம்பளைங்களுக்கு ஒரு பாத்தியத உண்டு, காட்டுல தானா மொளைக்கற கீர அவங்களுது. கூலியில சேராது, கேக்கவும் வேண்டாம், எந்தக் காட்டுக்காரரும் ஒரு வார்த்த சொன்னதில்ல. பொழுதோட வேல முடிஞ்சு பஸ்ஸுக்குக் கெளம்பறதுக்கு முன்னால குனிஞ்சு ஒரு சுத்து வந்தா ஒரு பை ரொம்பிரும். வேலைக்குப் போன காடுன்னு இல்ல, பக்கத்துக் காட்டுலயும் பறிப்பாங்க. இன்னிக்கு அவங்க வேல பாத்தது பக்கத்து வெங்காயக் காட்டுல. நாங்க மருந்தடிச்சது இந்தப் பக்கம் இருக்கற மக்காச்சோளத்துல. நடுவுல ஒரு வரப்பு. மக்காச்சோளத்துக்காரரு ஒரு கலியாணத்துக்குப் போயிட்டாரு, இருந்திருந்தா மருந்தடிச்ச காடுன்னு சொல்லி வெரட்டியிருப்பாரு. நவநீதன் மத்தியானமே கார எடுத்துட்டு போயிட்டாரு. நானு கொட்டாயில லேப்டாப்ப வெச்சுட்டு காலையில ஓட்டுன வீடியோவப் பாத்துட்டு இருந்தேன். வரிசை வரிசையா செவப்புத் திட்டு, ஒவ்வொரு திட்டுலயும் குழா தொறந்து மூடுது, ஒண்ணு தப்பல, என்ன ஒரு அழகுன்னு வாயப் பொளந்துட்டு பாத்தேன். ஸ்கிரீன்ல இருந்த காட்டப் பாத்தேன்டா, எதுக்க இருந்த காட்டப் பாக்கல. தலைய நிமுத்தி இருந்தா நாலு பேரு குனிஞ்சிருக்கறது தெரிஞ்சிருக்கும். அவங்க எங்க குனிஞ்சாங்களோ அதுதான் அந்தச் செவப்புத் திட்டு. பழைய மாதிரி காடு பூரா ஊத்தியிருந்தாக் கூட ஒரு எலைக்கு இவ்வளவு விழுந்திருக்காது. நாங்க கீரையத் தேடித் தேடிக் கண்டுபுடிச்சு அது தலையில ஊத்தியிருக்கறோம். பஸ் ஏறுனப்பத்தான் பையப் பாத்தேன். படியில ஒத்தக் கால வெச்சபடியே நின்னுட்டேன், கண்டக்டரு 'ஏப்பா, பூசை போடோணுமா, ஏறு'ன்னாரு.

கழுவுனாப் போயிருமா. நல்லா மூணு தண்ணி கழுவி வேக வெச்சா. போகாது, அது எலைக்குள்ள எறங்கோணும்னுதான் பசை மாதிரி ஒண்ணக் கலக்கறது, மழ பேஞ்சாலும் போகக் கூடாதுன்னு டப்பாவுலயே பெருமையாப் போட்டிருக்குது. ஆனா அளவு கம்மி. ஒரு பையில எத்தன சொட்டு இருக்கும். ஒண்ணும் ஆகாது. சும்மா லேசா வயித்தால போகும். எங்க சித்தப்பா பையன் மணிவாசகமும் அப்பிடித்தான், மருந்து கலக்கி வெச்ச பாட்டல்ல தண்ணின்னு ஒரு வாயி குடிச்சுப்போட்டு ஒடனே துப்பிட்டான். நல்லாத்தான் இருந்தான். ஆஸ்பத்திரியில கால்மேல காலப் போட்டு ஒக்காந்து செல்லுல கேமு ஆடுனான், 'இவனுக்கு ஒண்ணுமில்ல, லீவுக்கு நடிக்கறான்'னு நானே சொன்னேன். அப்பறம் மூச்சு சுருங்குச்சு. ஒரேடியா இல்ல, தெனமும் கொஞ்சங் கொஞ்சம், பலூன்ல காத்து எறங்கற மாதிரி. கடைசியில தண்ணி கேக்கறதுக்கும் மூச்சுப் பத்தல, கையக் காட்டுனான். அது வேற மருந்து. அது வேறதான்டா, நான் டப்பாவப் பாத்தேன், பேரே வேற. பேரு வேறன்னா என்ன, ரெண்டும் செடியச் சாவடிக்கத்தான் செஞ்சது. இல்ல, அவன் நேராக் குடிச்சான், இது எலைமேல பட்டது, வேகும், ஆறும், ஆவியாப் போயிரும். ஆவியாப் போகுமா? யாரக் கேக்கறது. நவநீதனக் கேட்டா 'நீ ஏன் இதெல்லாம் ரோசிக்கற'ம்பாரு. நாளன்னிக்கு மெட்ராசுல இருந்து பணம் போடற ஆளுங்க வர்றாங்க, வாடுன களையையும் வாடாத பயிரையும் கண்ணால பாக்கறதுக்கு. அதுக்குள்ள ஊருல ஒருத்தி வாந்தி எடுத்தான்னு சேதி போச்சுன்னா டிராக்டரும் போச்சு, சோப்பு டப்பாவும் போச்சு, மொத ஆளா விசாகன் போச்சு. ஏன்னா அவருகிட்ட டிகிரி இருக்குது, கம்பெனி இருக்குது. எங்கிட்ட என்ன இருக்குது, வாயி. அதுவும் இப்ப ஒட்டிக்கிச்சு.

அவங்க மேல தப்பு சொல்ல முடியாதுடா. இதுக்கு முன்னால ரெண்டு தடவ அதே காட்டுல ஓட்டுனப்ப வெறுந்தண்ணிதான் ஊத்துனோம். எங்க விழுகுதுன்னு தெரியறதுக்கு நீலக் கலர் கலந்திருந்தோம். அன்னிக்கும் பறிச்சாங்க. கையெல்லாம் நீலமாகி, 'கண்ணு, எங்களயும் சாமியாக்கிப்போட்டயே'ன்னு துளசிமணியக்கா கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுனாங்க, நான் கால்ல விழுந்தேன், எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்குக் கலரு இருந்துச்சு, வெசமில்ல. இன்னிக்கு வெசமிருக்குது, கலரில்ல. அதனால பறிச்சிருக்கறாங்க. கலர் இல்லைன்னதும் இன்னிக்கு ஒண்ணும் அடிக்கலன்னு நெனச்சிருப்பாங்க. அப்பிடித்தான் இருக்கும். இல்லைன்னா யாராச்சும் தண்ணின்னு சொல்லியிருப்பாங்க. யாராச்சும் என்ன யாராச்சும். நாந்தான் சொன்னேன். காலையில துளசிமணியக்கா வரப்புல நின்னு சத்தம் போட்டுக் கேட்டாங்க, 'ஏங்கண்ணு, இன்னிக்கும் தண்ணிதானா?' நான் ஒரு நிமிசம் கூட ரோசிக்கல. 'தண்ணிதானுங்க்கா, அமராவதித் தண்ணி, வேணும்னா வந்து மூஞ்சி கழுவிக்குங்க.' சிரிச்சாங்க. நவநீதன் அப்பிடிச் சொல்லச் சொல்லியிருந்தாரு, மருந்துன்னு தெரிஞ்சா வெங்காயக் காட்டுக்காரரு காத்துல அடிச்சு எம் பயிரு கருகிரும்னு வண்டிய மறிப்பாருன்னு. ஒரு நாளு பொழுது, வெங்காயத்துக்காரரு காதுக்குப் போகாம இருந்தாச் சரின்னுதான். கீர ஞாபகமே வல்ல. மஞ்ச அழிஞ்சப்பவே என் தலையில இருந்தும் அழிஞ்சுபோச்சுபோல.

பூங்கொடி எந்திரிச்சுட்டா. பூங்கொடி யாருன்னா, துளசிமணியக்கா கூட்டத்துலயே சின்னவ, புள்ளை பொறந்து இன்னும் குப்புற விழுகல, மாமியாருகிட்ட விட்டுட்டு இந்த வாரந்தான் வேலைக்கு வந்திருக்கறா. அவ கையிலயும் ஒரு பை. துளசிமணியக்காதான் பறிக்கச் சொன்னாங்களாம், 'தொய்யக்கீர தின்னா நல்லாப் பால் சொரக்கும், நெறையாப் பறிச்சுக்க'ன்னு. சொல்றா விசாகா. இப்பச் சொல்லு. பூங்கொடி, அந்தக் கீரையில மருந்துபட்டிருக்குது, கொட்டீரு. பத்து வார்த்த கூட இல்ல. எப்பிடித் தெரியும்னு கேப்பா. நாங்கதான் அடிச்சோம்னு சொல்லோணும். அப்பத் தண்ணின்னு சொன்னீங்களேம்பா. பஸ்ஸே திரும்பிப் பாக்கும். பின்சீட்டுல வெங்காயக் காட்டுக்காரரு மச்சினன் வேற ஒக்காந்திருக்கறான். வேற மாதிரி சொல்லலாமா, கீர இப்ப சீசன் இல்லையாம், டிவியில சொன்னாங்க. பைய நழுவ விடற மாதிரித் தட்டி உடலாமா. மேல சாய்ஞ்சா அடிப்பா. எது ரோசிச்சாலும் காமெடியாவே வருது, என் மண்டையே அப்பிடி ஆகிக்கெடக்குது, அழுகை கூட மிமிக்ரி மாதிரிதான் வரும். அவ என்னயக் கடந்து போறப்ப நின்னா. 'ஏனுங்ண்ணா, உங்க சோப்பு டப்பாவுக்கு இன்னிக்கு என்ன சோறு?' வாயி தானாத் தொறந்துச்சு. 'கரண்ட்டுதான். தொட்டுக்க ஒண்ணுமில்ல.' 'பாவம், நாளைக்குக் கடைசல் கொண்டுட்டு வர்றனுங்' அப்பிடின்னு சிரிச்சுட்டே எறங்கிட்டா. கூட அதே கூட்டத்து ராமாத்தாளும் எறங்குச்சு, அதோட முந்தானையில ஒரு கட்டுக் கீர. பஸ்ஸு கெளம்பிருச்சு. கண்ணாடியில பாத்தேன், பூங்கொடி பைய இடுப்புல, கொழந்தைய வெக்கற மாதிரி வெச்சுட்டு ரோட்டத் தாண்டறா. வேகமா நடக்கறா. நெஞ்சு கட்டியிருக்கும், புள்ளைக்குப் பால் குடுக்கோணும்னு ஓடறா. எறங்கி ஓடலாம். அடுத்த ஸ்டாப்பு பக்கந்தான். ஒக்காந்த எடத்துலயே இருக்கறேன். போர்டு சூடாகித் தொங்குமே, லைட்டு மட்டும் எரியும், எதக் கேட்டாலும் பதில் வராது, அது மாதிரி.

அப்பறம் எனக்கு ஒரு வழி தோணுச்சு. வழின்னா என் லெவலுக்கு. முன்னால குனிஞ்சு, 'அக்கா, அந்தக் கீரைய எனக்குக் குடுத்துருங்க'ன்னேன். துளசிமணியக்கா திரும்பிப் பாத்தாங்க. 'உனக்கெதுக்குக் கண்ணு? ரூமுல கீர கடையறதுக்குச் சட்டி வெச்சிருக்கறயாக்கு?' 'எங்கம்மா வந்திருக்கறாங்க்கா. தொய்யக்கீரன்னா உசுரு.' எங்கம்மா போன் பண்ணியே ரெண்டு மாசமாச்சுடா, படிப்ப விட்டதுல இருந்து எம்பேரச் சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கறாங்களாம். 'அம்மா வந்திருக்குதா! சொல்லவே இல்ல பாரு. இந்தா, பூராவும் எடுத்துக்க. பேரனுக்குக் கடையலாம்னு பறிச்சேன், அவனுக்கு நாளைக்குப் பறிச்சாப் போச்சு. சின்ன வெங்காயம் நெறையா வதக்கிப் போடச் சொல்லு, பருப்புக் கொஞ்சமாப் போதும்.' கட்டப்பையே என் கைக்கு வந்திருச்சு. கனமே இல்ல. ஒரு பை முடிஞ்சுது, அந்தப் பேரன் தப்பிச்சான்னு மூச்சு விட்டேன். என்னயே எனக்குப் புடிச்சுப்போச்சுன்னா பாத்துக்கங்க, அந்த அளவுக்கு. துளசிமணியக்கா திரும்பிக்கல. என் கையவே பாத்துட்டு இருந்தாங்க. அப்பத்தான் நானும் பாத்தேன். பையோட காத கர்ச்சீப்பச் சுத்திப் புடிச்சிருக்கறேன், மடியில படாம ஒரு சாண் தள்ளித் தூக்கிப் புடிச்சிருக்கறேன். எப்பச் சுத்துனேன்னு எனக்கே தெரியல.

'ஏங்கண்ணு.' கொரலு வேற மாதிரி எறங்கிருச்சு, பக்கத்து சீட்டுக்குக் கேக்காத அளவுக்கு. 'அதுல எதாச்சும் இருக்குதா?' நான் ஜன்னலுக்கு வெளிய பாத்தேன். 'கோவிச்சுக்க மாட்டேன், சொல்லு. காத்தால சொன்னது சொன்னதாப் போகட்டும். பூங்கொடி இப்பத்தான் எறங்குனா, வீட்டுக்குப் போயிருக்க மாட்டா. ஒரு போனப் போட்டு ஆக்க வேண்டாம்னு சொல்லிருட்டுமா?' ஜாக்கெட்டுக்குள்ள இருந்து சின்னப் பர்ஸ எடுத்து, அதுக்குள்ள இருந்து பட்டன் போன எடுத்து, பூங்கொடி நம்பரத் தேடி எடுத்துட்டாங்க. கட்ட வெரலு பச்சப் பட்டன் மேல. ரொம்பப் பக்குவமாக் கேட்டாங்கடா, திட்டியிருந்தாக் கூட நான் ஒளறியிருப்பேன். நான் சொல்ல வேண்டியதே இல்ல, தலைய ஆட்டியிருந்தாப் போதும், ஆட்டாம சும்மா இருந்திருந்தாக் கூட அவங்களே அழுத்தியிருப்பாங்க. எனக்கு அந்த நேரத்துல பூங்கொடி தெரியல, அந்தக் கொழந்த தெரியல. மெட்ராசுக்காரங்க காரு தெரிஞ்சுது, வெங்காயக் காட்டுக்காரரு தெரிஞ்சாரு, மறுபடி பொட்டியக் கட்டிட்டு நிக்கற நானு தெரிஞ்சேன், கைதட்டற நீங்க தெரிஞ்சீங்க. 'அட, ஒண்ணுமில்லீங்க்கா. பச்சையப் புடிச்சா எனக்குக் கை அரிக்கும், அதுக்குத்தான் துணி. அந்தப் புள்ள பாவம், ஓட்டமா ஓடுச்சு, அதப்போயி எதுக்கு பயமுறுத்தறீங்க'ன்னு சொல்லிச் சிரிச்சேன். என் சிரிப்ப அவங்க நம்புனாங்க. போன் பர்ஸுக்குள்ள போச்சு, பர்ஸு உள்ள போச்சு. தண்ணின்னு சொன்னது பாஸ் சொல்லிச் சொன்னது, மஞ்சள அழிச்சதும் பாஸ் சொல்லித்தான். இது யாரும் சொல்லல. அந்தப் போன் போயிருக்கும். வேண்டாம்னது நாந்தான்.